போஸ்ட்ஃபிக்ஸ் மெயில் சர்வரின் லாக்கில் (பதிவுக் கோப்பில்) அந்த முதல் எண் யாருடைய தாமதம்?

செந்தூல்வாசி:
நேற்று ஜார்ஜ்டவுன் அண்ணன் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "டிலேஸ் வரியில் முதல் எண் பெரிதாக இருந்தால் அனுப்பியவரின் லைன்தான் மெதுவு, சர்வரைக் குறை சொல்லாதீர்கள்" என்கிறார். தப்பு. என்னிடம் இருக்கும் வரி (ஒரு மெயிலின் தாமதத்தை நான்கு கட்டமாக, வினாடியில் காட்டுவது): டிலேஸ்=1043/0.02/1.1/0.4. எதிர்முனை சர்வர் 451 (இப்போது முடியாது, பிறகு முயல்க) சொல்லித் தள்ளிவிட, மெயில் 17 நிமிடம் டெஃபர்ட் கியூவில், அதாவது மறுமுயற்சிக்கான வரிசையில், கிடந்தது. அந்த நேரம் முழுக்க முதல் எண்ணில்தான் ஏறியிருக்கிறது.

ஜார்ஜ்டவுன்காரன்:
தம்பி, கையேட்டைப் படி. "கியூ மேனேஜருக்கு முந்தைய நேரம்." அதாவது, வரிசையிலிருந்து மெயிலை அனுப்ப எடுக்கும் நிரலுக்கு முந்தையது. முந்தைய என்றால் முந்தையதான். இதற்கு மேல் என்ன வேண்டும்?

செந்தூல்வாசி:
ஒவ்வொரு மறுமுயற்சிக்கும் கியூ மேனேஜர் அந்த மெயிலைப் புதிதாகக் கையில் எடுக்கிறது, அண்ணே. அதற்கு முன் கிடந்ததெல்லாம் 'முந்தைய' கணக்கு. அதே கியூ ஐடியை (அந்த மெயிலின் அடையாளக் குறியை) லாக்கில் தேடினேன்: 443 வினாடியில் ஒரு முயற்சி, அதுவும் டெஃபர்ட். 1043-இல்தான் போனது. அனுப்பியவர் பக்கத்து மேசையில் கேபிளில் இருந்தார்!

பாயான்லெப்பாஸ்:
கியூவில் எத்தனை மெயில் நிற்கிறது என்று எண்ணி அலாரம் வைத்தால் போதாதா?

செந்தூல்வாசி:
போதாது. 3 மெயில்தான் நிற்கும், மூன்றும் 4 நாளாக நிற்கும். மாற்றாமல் விட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் 5 நாள் வரை முயலும். தாமத எச்சரிக்கையும் தானாக வராது, அதை நாம்தான் இயக்க வேண்டும். அதுவரை அனுப்பியவர் போய்விட்டது என்றே நம்பிக்கொண்டிருப்பார். வயதைப் பாருங்கள், எண்ணிக்கையை அல்ல. போஸ்ட்ஃபிக்ஸின் கியூஷேப் கருவி அதைத்தான் காட்டுகிறது.

ஜார்ஜ்டவுன்காரன்:
பேச்சை மாற்றாதே. கையேட்டில் "முந்தைய நேரம்" என்றுதான் இருக்கிறது. நீ டெண்டர் மெயில் பிரச்சினையிலும் இப்படித்தான் சத்தம் போட்டாய். கடைசியில் சர்வர் கடிகாரம் 6 நிமிடம் பிந்தியிருந்தது.

செந்தூல்வாசி:
அந்தக் கடிகாரத்தைக் கண்டுபிடித்தது நான்! ரிசீவ்ட் வரிகளை (மெயில் கடந்த ஒவ்வொரு சர்வரும் பதியும் நேரத்தை) ஒவ்வொன்றாக நம் நேரமான +0800-க்கு மாற்றி உட்கார்ந்தது யார்? நீங்கள் "கோலாலம்பூர் ஆட்களுக்குப் பொறுமை இல்லை" என்று எழுதிவிட்டுப் போனீர்கள். இன்றும் அதே கதை. ஒரே ஒரு டெஃபர்ட் மெயிலின் எல்லா வரிகளையும் இங்கே போடுங்கள், முதல் எண் ஏறுகிறதா இல்லையா பார்த்துவிடலாம்.

பாயான்லெப்பாஸ்:
அப்போ என் அலாரத்தை எப்படி வைப்பது?

ஜார்ஜ்டவுன்காரன்:
வாடிக்கையாளர் லாக்கை வெளியில் போட முடியாது. முந்தைய என்றால் முந்தையதான்.

செந்தூல்வாசி:
முகவரிகளை அழித்துவிட்டுப் போடுங்கள், அண்ணே. எனக்கு எண்கள் போதும்.