சிங்கராஜாவில் ஆந்தையின் குரலை ஒலிக்கவிட்டுப் படமெடுப்பது சரியா?

தெகிவளை முகிலன்:
அடுத்த மாதம் கொழும்பிலிருந்து மூன்று குடும்பங்களாகச் சிங்கராஜா மழைக்காட்டுக்குப் போகவிருக்கிறோம். தங்குமிடத்தார் ஏற்பாடு செய்துதந்த வழிகாட்டி, செரண்டிப் ஆந்தையைக் கட்டாயம் காட்டுவதாகச் சொல்கிறார். பகலில் அகப்படாவிட்டால் மாலையில் காட்டோரத்தில் நின்று, அதன் குரலைக் கைத்தொலைபேசியில் ஒலிக்கவிட்டு, கிளையில் வந்து அமர்ந்ததும் டோர்ச் அடித்துத் தருவாராம். நம் நாட்டு ஈரவலயக் காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை என்பதால் எனக்கு ஆசை அதிகம். 600 மில்லிமீற்றர் வரை போகும் கமரா வில்லையும் கைவசம் இருக்கிறது. ஆனால் மனைவியின் தம்பி, இது பறவைக்குச் செய்யும் கொடுமை என்று வாதாடுகிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கூடுகாவலன்:
உங்கள் மைத்துனர் சொல்வதே சரி. குரலை ஒலிக்கவிட்டால் அது ஏன் வருகிறது என்பதைப் பாருங்கள் தம்பி. நம்மைப் பார்க்கும் ஆவலில் அது வருவதில்லை. தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் புகுந்துவிட்டது என்று எண்ணி, விரட்டுவதற்காக வருகிறது. இருட்டத் தொடங்கிய முதல் நேரம் அதற்கு இரை தேடும் நேரமும் துணையோடு குரல் பரிமாறும் நேரமும் ஆகும். அந்த நேரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியாத எதிரியைத் தேடிக் கிளைக்குக் கிளை தாவிக்கொண்டிருக்கும்.

ஒரு மாலை, ஒரு முறை என்றால் பறவை அதைத் தாங்கிக்கொள்ளும். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் உங்கள் வழிகாட்டி உங்களுக்காக மட்டும் அந்தக் கைத்தொலைபேசியை எடுக்கப்போவதில்லை. சனவரி முதல் ஏப்ரல் வரை மழை சற்று ஓய்ந்திருக்கும் பருவத்தில் அதே காட்டோரத்துக்கு, அதே சோடியைத் தேடி, குழு குழுவாக ஆட்கள் வருகிறார்கள். வருகிற ஒவ்வொருவரும் தாம் ஒரு தடவைதான் கேட்டதாக எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். பறவை அந்தக் கணக்கு முழுவதையும் தனியே சுமக்கிறது. நாளடைவில் அது பதில் சொல்வதையே நிறுத்திவிட்டால், வழிகாட்டி இன்னும் உள்ளே போய் அடுத்த சோடியைத் தேடுவார். உலக அளவில் அழியும் ஆபத்திலுள்ளதாகப் பட்டியலிடப்பட்ட இனம் இது.

ஒளிவேட்டை:
மரியாதையுடன் மறுக்கிறேன். இந்த ஆந்தை இருப்பதே நமக்கு எப்படித் தெரியவந்தது? 1995இல் கித்துல்கலவில் பறவையியலாளர் தீபால் வாரக்காகொட அடையாளம் தெரியாத ஒரு குரலைக் கேட்டார். 2001 சனவரியில் சிங்கராஜாவில் பறவையைக் கண்ணால் கண்டார். 2004இல் அது புதிய இனமாக விபரிக்கப்பட்டது. இரவில் காட்டுக்குப் போய் அந்தக் குரலை அவர் தொடராமல் இருந்திருந்தால், இன்றைக்கு நீங்கள் காப்பாற்றச் சொல்லும் பறவைக்கு ஒரு பெயரே இருந்திராது. இந்தத் தீவில் நிலையாக வாழும் புதிய பறவை இனம் ஒன்று 1868க்குப் பிறகு முதன்முறையாக அப்போதுதான் கண்டுபிடிக்கப்பட்டது என்பதையும் மறக்க வேண்டாம்.

மேலும், நம் வீடுகளில் இன்னும் ஆந்தை என்றாலே சாக்குருவி, அலறினால் வீட்டில் சாவு விழும் என்ற பேச்சுத்தானே? என் பெரியம்மா முற்றத்து மாமரத்தில் ஆந்தை அலறினால் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ஓடுவார். உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிற்றாந்தை, குஞ்சின் வாயில் கரப்பானை வைக்கும் படத்தைக் காட்டிய பிறகுதான் அந்த மரத்தை அதற்கே விட்டுவிட்டார். படம் எடுக்காதே என்றால் இந்த மாற்றம் எங்கிருந்து வரும்?

கூடுகாவலன்:
குரலைக் கேட்டதற்கும் பறவையைக் கண்டதற்கும் இடையே ஆறு ஆண்டுகள் ஓடின என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பொறுமையை ஓர் அரை மணி நேரத்துக்குள் சுருக்குவதற்குத்தான் இந்தக் கைத்தொலைபேசி. அவருக்கு விடை தெரியாத ஒரு கேள்வி இருந்தது. நமக்கு இருப்பது, ஏற்கெனவே ஆயிரம் பேர் எடுத்த படத்தை நம் கமராவிலும் எடுக்கவேண்டும் என்ற ஆசை. உங்கள் பெரியம்மா மனம் மாறியது நல்ல செய்திதான். ஆனால் அந்தப் படத்துக்காக ஒலியையும் டோர்ச்சையும் பாவித்தீர்களா?

ஒளிவேட்டை:
இல்லை. பின்னேர வெளிச்சத்தில் குசினி யன்னலுக்குள் இருந்து எடுத்தது. ஆனால் காடு வேறு, முற்றம் வேறு.

கொட்டாஞ்சேனை வான்காரர்:
நான் படம் எடுப்பவன் அல்லன்; ஆட்களை ஏற்றி இறக்குபவன். ஆகையால் வேறு பக்கத்தையும் சொல்லவேண்டும். சிங்கராஜாவின் நுழைவாயிலான குடாவைப் பக்கத்தில் வழிகாட்டிகளாக இருப்பவர்கள் பெரும்பாலும் அந்தக் கிராமங்களில் பிறந்து வளர்ந்தவர்கள். ஒவ்வொரு மரத்தையும் ஒவ்வொரு ஓடையையும் அறிந்தவர்கள். காடு நிற்பதால்தான் அவர்களின் அடுப்பு எரிகிறது. அதனாலேயே மரம் வெட்ட வருபவனைப் பற்றி முதலில் தகவல் கொடுப்பவர்களும் அவர்களாகவே இருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரர் பட்டியலோடு வந்து இறங்குகிறார். பட்டியலில் ஆந்தைக்கு நேரே அடையாளம் விழாவிட்டால் அவர் முகம் மாறுகிறது, கைக்காசும் குறைகிறது. நம் ஆட்கள் அதைவிட மோசம், "இவ்வளவு தூரம் வந்தும் ஒன்றையும் காட்டவில்லையே" என்று வானுக்குள் ஏறியும் முணுமுணுப்பார்கள். கைத்தொலைபேசியை அவர் எடுக்கிறார் என்றால், அவரை எடுக்கவைப்பது யார்?

வெள்ளவத்தை ரதி:
வான்காரர் ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் இரவைப் பற்றி மட்டுமே எல்லோரும் பேசுகிறீர்கள். பகலில் உறங்கும் ஆந்தையைப் படமெடுத்தால் குற்றமில்லை என்று முகிலன் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

எங்கள் மாடிக் குடியிருப்புக்கு எதிர்க் கட்டடத்தில், மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கியின் கீழே ஒரு கூகை பகலில் தங்கியிருந்தது. பொடியன் ஒருவன் அதைக் கண்டுவிட்டு, கைத்தொலைபேசியை நீட்டியபடி தாங்கிக்கு அடியில் தலையை நுழைத்தான். அவன் அதைத் தொடக்கூட இல்லை. பறவை பதறி வெயிலுக்குள் பறந்தது. ஒரு காகம் கரைந்தது. கொழும்புக் காகங்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா, நிமிடத்துக்குள் தெருவே கறுத்துவிட்டது. கடற்கரைப் பக்கமாக அதைத் துரத்திக்கொண்டு போய், ரயில் பாதை மின்கம்பத்தில் மோதும் அளவுக்கு நெருக்கி, மீண்டும் இந்தப் பக்கம் விரட்டின. கடைசியில் ஒரு குளிரூட்டியின் வெளிப்பெட்டிக்கும் சுவருக்கும் இடையே உள்ள இடுக்கில் முகத்தைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றது. இருட்டும் வரை காகங்கள் கைப்பிடிச் சுவரில் காவல் இருந்தன. அதன் பிறகு தாங்கியின் கீழே அதைக் காணவில்லை. பொடியனுக்கு மங்கலாக ஒரு படம் கிடைத்திருக்கும்.

தெகிவளை முகிலன்:
அப்படியென்றால் பறவை கலங்குகிறதா இல்லையா என்று தூரத்திலிருந்தே எப்படி அறிவது, ரதி அக்கா?

வெள்ளவத்தை ரதி:
கலங்காத ஆந்தை உருண்டையாக இருக்கும். இறகுகள் தளர்ந்து, கண் மூடியோ பாதி மூடியோ, சில வேளை ஒரு காலை மடித்துக்கொண்டு இருக்கும். நம்மைக் கண்டு அஞ்சிவிட்டால் இறகுகளை உடம்போடு இறுக்கி, மெலிந்து நீண்டு, பட்டுப்போன கிளைத் துண்டுபோல் நிற்கும். செவிக்குடுமி உள்ள சிற்றாந்தையாக இருந்தால் குடுமி இரண்டும் நிமிரும். கண்கள் கீற்றாகச் சுருங்கியிருக்கும். முகநூலில் "எவ்வளவு அழகாகப் போஸ் கொடுக்கிறது பாருங்கள்" என்று போடப்படும் படங்கள் பலவற்றில் இருப்பது இந்த அச்சம்தான். கண்கள் முழுக்கத் திறந்து உங்களையே பார்க்கத் தொடங்கினால் அது பறப்பதற்கு ஆயத்தமாகிவிட்டது என்று கொள்ளுங்கள். பின்வாங்குவதற்கு அப்போது நேரம் கடந்திருக்கும்.

கூடுகாவலன்:
சிங்கராஜாவைப் பொறுத்தவரை இதில் இன்னொன்றும் சேரும். செரண்டிப் ஆந்தை உயரக் கிளைகளில் உறங்குவதில்லை. பன்னங்களும் கொடிகளும் பின்னிக் கிடக்கும் தாழ்ந்த புதரில், சில வேளை நம் இடுப்பளவு உயரத்தில் இருக்கும். வழிகாட்டி அதைக் கண்டுபிடித்துவிட்டால் ஒருவர் பின் ஒருவராகச் சரிவில் இறங்குவார்கள். இடையில் ஓர் இலை மறைத்தால் அதை வளைப்பார்கள், பிறகு ஒடிப்பார்கள். இரண்டு மூன்று குழுக்கள் போனதும் மிதிபட்ட பன்னங்களே பாதையாகி, "ஆந்தை இங்கே" என்று காட்டிக்கொடுத்துவிடும்.

ஒளிவேட்டை:
இலையை ஒடிப்பதையும் கூட்டமாக இறங்குவதையும் நான் எங்கேயும் ஆதரிக்கவில்லை. ஒலியை ஒலிக்கவிடுவது பற்றிய வாதத்திலும் நியாயம் இருக்கிறது, விட்டுவிடுகிறேன். ஆனால் டோர்ச்சையும் பிளாஷையும் ஏதோ பாவம்போலப் பேசுவதை ஏற்க முடியாது. பிளாஷ் பட்டால் ஆந்தை குருடாகிவிடும் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். சான்று கேட்டால் ஒருவரும் காட்டுவதில்லை. இங்கே மின்னல் அடிக்காத மழைக்காலம் உண்டா? கூகை முழு இருட்டிலும் செவியை மட்டும் நம்பி எலி பிடிக்கவல்லது என்பது ஆய்வுகூடத்தில் நிறுவப்பட்ட விடயம். சில கணங்கள் கண் கூசினால் என்ன குடி மூழ்கும்?

கூடுகாவலன்:
குருடாகும் என்று நானும் சொல்லவில்லை. இருட்டுக்குப் பழகிய மனிதக் கண்ணே பெருவெளிச்சம் பட்ட பிறகு முழுமையாக மீள்வதற்கு இருபது, முப்பது நிமிடங்கள் எடுக்கும். ஆந்தையின் விழித்திரையோ மங்கிய ஒளிக்கான செல்களால் நிறைந்தது. மின்னல் எங்கும் ஒரே சீராக அடிக்கிறது. டோர்ச் அதன் முகத்தை மட்டும் தேடிப் பிடித்து, எல்லோரும் படமெடுத்து முடியும் வரை அங்கேயே நிற்கிறது.

கூகையின் செவியை எல்லா ஆந்தைகளுக்கும் பொருத்துவதும் தவறு. நம் குளங்களில் இருக்கும் மீன் ஆந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குள் இருக்கும் மீனின் ஓசை அதற்கு எதற்கு? அதனால்தான் அதற்குக் கூகையைப் போன்ற ஆழ்ந்த முகவட்டம் இல்லை. மற்ற ஆந்தைகள் பலவற்றின் சிறகோரத்தில் இருக்கும், ஓசையை விழுங்கும் மென் இழைகளும் இல்லை. அது கண்ணை நம்பி வேட்டையாடும் பறவை. குளக்கட்டில் நின்று அதன் கண்ணில் வெளிச்சம் அடிப்பது அதன் சாப்பாட்டுக் கோப்பையைத் தட்டிவிடுவதற்குச் சமம்.

ஒளிவேட்டை:
மீன் ஆந்தையைப் பொறுத்தவரை வாதம் சரி. செரண்டிப் போன்ற சிறிய ஆந்தைக்கு அது பொருந்துமா என்பதில் நான் உடன்படவில்லை. கையடக்க டோர்ச்சை மங்கலாக்கி, பறவைக்குப் பக்கத்தில் உள்ள இலையில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தில் ஓரிரு நொடிகள் மட்டும் எடுப்பதில் தவறு காண மாட்டேன்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். இப்போதைய கமராக்களில் ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர்திறனை 6400 வரை கூசாமல் ஏற்றலாம். ஆந்தை அசையாமல் இருக்கும் பறவை என்பதால், முக்காலி இருந்தால் 1/30 நொடியிலும் தெளிவான படம் வரும். சூரியன் மறைந்த பிறகு உள்ள வெளிச்சமே பல வேளைகளில் போதுமானது. இதற்கும் பிளாஷ் வேண்டும் என்று நிற்பவர்களில் பாதிப்பேர் முக்காலி தூக்கப் பஞ்சிப்படுகிறவர்கள்.

வெள்ளவத்தை ரதி:
இரை வைத்து வரவழைக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் பரவவில்லை என்பது ஆறுதல். வட அமெரிக்காவில் பனி ஆந்தைக்கு உயிருள்ள எலியை விட்டுப் படமெடுப்பது பெரிய சர்ச்சையாக இருக்கிறது. சங்கப் பாட்டில் தோழி ஒருத்தி, நெய்ச் சோறும் சுட்ட எலிக்கறியும் தருகிறோம், தலைவன் வரும் இரவில் குழறாதே என்று கூகையிடம் கெஞ்சுகிறாள். அவள் கேட்டது கூகையின் மௌனத்தை மட்டும். கமராவைப் பார்க்கச் சொல்லவில்லை!

முகிலன், படம் போடும்போது இடத்தைக் குறிப்பிட வேண்டாம். கைத்தொலைபேசிப் படத்திலேயே இடக்குறி ஒட்டியிருக்கும், அதையும் நீக்குங்கள். பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் தளமே ஆபத்திலுள்ள சில இனங்கள் காணப்பட்ட சரியான இடத்தை மறைத்துத்தான் காட்டுகிறது. இந்தியாவில் தீபாவளியை ஒட்டி மாந்திரீகத்துக்கென்று ஆந்தை பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். இங்கே அப்படி ஒருவனும் வரமாட்டான் என்று யாரும் உறுதி தர முடியாது.

கூடுகாவலன்:
பகலிலேயே விழித்திருக்கும் ஆந்தைகள் இருக்கும்போது இந்த ஒன்றுக்காக ஏன் இவ்வளவு பாடு? அதே சிங்கராஜாவில், நம் தீவுக்கே உரிய செம்முதுகுச் சிற்றாந்தை நல்ல வெளிச்சத்தில் மரமுடியில் இருந்து குரல் கொடுக்கும். 600 மில்லிமீற்றர் வில்லை அதற்குத்தான் பொருத்தம். வில்பத்துவில் குளக்கரை மருத மரத்தில் மீன் ஆந்தை பட்டப்பகலில் இருக்கும். ஜீப்பை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, இறங்காமல் எடுக்கலாம். அவ்வளவு தூரமும் வேண்டாமென்றால், பத்தரமுல்லை, தலங்கமப் பக்கத்து மரங்கள் நிறைந்த தோட்டங்களில் மைம்மல் பொழுதில் ஆந்தைக் குரலுக்குக் காது கொடுத்துப் பாருங்கள்.

தெகிவளை முகிலன்:
எல்லோருக்கும் நன்றி. இன்று காலை வழிகாட்டியோடு பேசினேன். ஒலியும் வேண்டாம், டோர்ச்சும் வேண்டாம், ஆந்தை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் பேசிய காசு அப்படியே தரப்படும் என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, அப்படியென்றால் காலையில் சிற்றாந்தையைத் தேடுவோம், அதற்கு ஐந்தரைக்கே ஆயத்தமாக இருக்கவேண்டும் என்றார். எங்கள் வீட்டுப் பிள்ளைகளை அந்த நேரத்துக்கு எழுப்புவதுதான் இனி உள்ள சிக்கல்.

கொட்டாஞ்சேனை வான்காரர்:
காசை முதலிலேயே பேசி முடித்தது நல்ல வேலை தம்பி. ஆனால் நீங்கள் திரும்பிய மறுநாள் வருகிற கூட்டம், இறங்கும்போதே ஆந்தை எங்கே என்றுதான் கேட்கும். என் வானில் வருபவர்களிடம் அவிசாவளை தாண்டுவதற்குள் இதைச் சொல்லிவிடுவேன். மற்ற வான்களுக்கு நான் பொறுப்பில்லை.

ஒளிவேட்டை:
முகிலன், முக்காலி இல்லையென்றால் என்னுடையதை வந்து எடுத்துப் போகலாம். டோர்ச் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. கூடுகாவலன் ஐயா விரும்பினால் அதற்கு வேறொரு இழை தொடங்கட்டும்.