‘ஆயர் தாவார் குடும்பம்’ குழுவில் படகுப் பேச்சு

வியாழன், இரவு

அண்ணன்: (4 படங்கள்) பாருங்கள். 19 அடி ஃபைபர் படகு, உள்ளே வி6 எஞ்சின், ட்ரெய்லரோடு 26 ஆயிரம் ரிங்கிட். பள்ளி விடுமுறைக்குள் வாங்கிவிட்டால் தெலுக் பாத்திக் கடற்கரையில் பிள்ளைகளை டியூபில் உட்காரவைத்து இழுக்கலாம்.

அக்கா: ஐயோ, அந்த நீலக் கோடு எவ்வளவு அழகு! எத்தனை பேர் உட்காரலாம்?

அண்ணன்: எட்டுப் பேராம்.

அத்தை: அப்போ நம்ம வீட்டில் பாதிப் பேர் கரையில் நிற்க வேண்டியதுதான்.

அம்மா: படகா? போன வருஷம் வாங்கிய டிரெட்மில்லில் துணி காய்கிறது.

சித்தப்பா லுமுட்: தம்பி, நாலு படத்திலும் சீட்டுதான் இருக்கிறது. எஞ்சின் மூடியைத் திறந்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்.

அண்ணன்: போன மாதம்தான் சர்வீஸ் செய்தாராம் சித்தப்பா.

சித்தப்பா லுமுட்: ரசீது?

அண்ணன்: கேட்கிறேன்.

சித்தப்பா லுமுட்: கேள். அதற்குள் நான் ஒன்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். இந்த மாதிரி உள் எஞ்சின் படகில், பின்பலகையில் ஓட்டை போட்டுத்தான் கியர் பகுதியை வெளியே கொண்டுவருவார்கள். அந்த ஓட்டையை மூடியிருப்பது மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை. அது வெடித்தால், கட்டிப்போட்ட இடத்திலேயே படகு தண்ணீர் குடித்து மூழ்கும். இன்னொன்று, கடல் தண்ணீரையே இழுத்துக் குளிரும் எஞ்சினாக இருந்தால் புகை போகும் இரும்புக் குழாய்கள் உள்ளுக்குள்ளேயே அரிக்கும். உப்புத் தண்ணீரில் ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும், அதோடு எஞ்சின் கதை முடிந்தது. 26 ஆயிரத்துக்கு ஏன் தருகிறார் என்று இப்போது யோசி.

அண்ணன்: அப்போ எது நல்லது?

சித்தப்பா லுமுட்: வெளியே தொங்கும் எஞ்சின். ஓடி முடித்ததும் மேலே தூக்கிவிடலாம், குழாயை மாட்டி நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் கழுவலாம். எங்கள் லுமுட்டில் பழுது பார்க்கும் எந்தப் போமனும் கை வைப்பான். இங்கே மீனவர்கள் ஏன் அதையே வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறாய்?

அத்தான்: அந்த 19 அடியை எதில் இழுக்கப் போகிறீர்கள் மச்சான்? மைவி காரிலா?

அண்ணன்: உங்கள் ஹைலக்ஸ் பிக்கப் இருக்கிறதே.

அத்தான்: அதானே பார்த்தேன், என்னடா காலையிலேயே குட் மார்னிங் வந்தது என்று 😄

நான்: சித்தியவானில் ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. 17 அடி, யமஹா 70 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக் வெளி எஞ்சின், 410 மணி நேரம் ஓடியது. 24 ஆயிரம். சீட்டு கிழிந்திருக்கிறது.

அக்கா: இது செம்பனைத் தோட்டத்து லோரி மாதிரி இருக்கிறதே.

சித்தப்பா லுமுட்: சீட்டைத் தைத்துக்கொள்ளலாம். சனிக்கிழமை இரண்டையும் பார்ப்போம். இரண்டு பேரிடமும் ஒன்றே ஒன்று சொல்லிவை: நாங்கள் வரும்வரை எஞ்சினை எழுப்ப வேண்டாம். சூடாக இருந்தால் எந்தக் கிழட்டு எஞ்சினும் ஒரே இழுப்பில் எழும். குளிர்ந்து கிடக்கும்போது எழுகிறதா என்று பார்க்க வேண்டும்.

அண்ணன்: 70 போதுமா சித்தப்பா?

சித்தப்பா லுமுட்: டியூபில் இரண்டு பிள்ளைகளை இழுக்கத் தாராளம். உன் அத்தானை நீர்ச்சறுக்குப் பலகையில் நிற்கவைக்க நினைத்தால் திணறும்.

அண்ணி: இழுக்கும்போது ஓட்டுகிறவர் முன்னால் பார்ப்பார். பின்னால் பிள்ளையைப் பார்ப்பது யார்?

சித்தப்பா லுமுட்: நீதான்மா சரியான கேள்வி கேட்கிறாய். அதற்கென்று பெரியவர் ஒருவர் எப்போதும் வேண்டும், கையில் போன் இல்லாமல். பிள்ளை படகில் ஏறும்போது எஞ்சினை அணைத்தே ஆக வேண்டும், நியூட்ரலில் விடுவது போதாது. ஓட்டுகிறவர் கையில் அந்தச் சிவப்புக் கயிறு கட்டியிருக்க வேண்டும். அவர் விழுந்தால் எஞ்சினும் நிற்கும்.

சனி, மதியம்

நான்: நீலக் கோட்டுப் படகு முடிந்த கதை. நாங்கள் போனபோது எஞ்சின் மூடி சுட்டது. “சும்மா சத்தம் கேட்கலாம் என்று போட்டேன்” என்றார் விற்கிறவர். ரசீதும் இல்லை. சித்தப்பா கியர் எண்ணெய்த் திருகைக் கொஞ்சம் தளர்த்தினார், வந்தது தே தாரேக் பால் டீ நிறத்தில்.

அக்கா: அப்படி என்றால்?

சித்தப்பா லுமுட்: சீல் போய்த் தண்ணீர் உள்ளே கலந்திருக்கிறது. தே தாரேக்கைக் கடையில் குடிக்கலாம், கியருக்குள் இருக்கக் கூடாது.

நான்: 17 அடியின் கியர் எண்ணெய் சுத்தம். நாலு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்தோம், பெரிய வித்தியாசம் இல்லை. சித்தப்பா எஞ்சினின் அடிக்கட்டையைப் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டினார், பின்பலகை அசையவில்லை. அப்புறம் ரப்பர் சுத்தியால் தட்டிக்கொண்டே தரை முழுவதும் நடந்தார். விற்கிறவர் பேயறைந்த மாதிரி நின்றார்.

சித்தப்பா லுமுட்: உள்ளே பலகை ஊறிப் போயிருந்தால் ‘டொக்’ என்று கேட்காது, ‘டப்’ என்று அமுங்கும். இது டொக். தண்ணீரில் விட்டு முழுவேகம் கொடுத்தேன், நிமிடத்துக்குச் சுற்று 5,600 தொட்டது. அந்த எஞ்சினுக்கு 5,300 முதல் 6,300 வரை இருக்க வேண்டும். பின்னால் குளிர்நீரும் நேராக அடித்தது, சின்னப் பையன் மூத்திரம் போல.

அத்தை: குடும்பக் குழு!

சித்தப்பா லுமுட்: மன்னிக்கணும் அக்கா. குறை ட்ரெய்லரில்தான். ஒரு சக்கரத்தின் பேரிங் துருப்பிடித்து அரைக்கிறது. தண்ணீர் பம்பின் ரப்பர் சக்கரத்தை எப்போது மாற்றினார் என்று அவருக்கே நினைவில்லை, அதையும் மாற்றிவிடலாம்.

அண்ணன்: இதைச் சொல்லி 22,500-க்கு இறக்கினேன் 💪

அத்தான்: சொன்னது சித்தப்பா. இவர் பக்கத்தில் நின்று தலையாட்டினார்.

அண்ணி: பேர் மாற்றுவது?

சித்தப்பா லுமுட்: கடல்துறை (ஜபாத்தான் லாவுட்) லைசென்ஸில் இருக்கும் எண்ணும் எஞ்சின் எண்ணும் படகில் இருப்பதோடு ஒத்துப்போகிறது, பார்த்துவிட்டேன். திங்கள்கிழமை நானும் கூடப் போகிறேன். அதுவரை முன்பணம் 500-க்கு மேல் கொடுக்காதே தம்பி.

அண்ணன்: சரி சித்தப்பா.

அம்மா: லைஃப் ஜாக்கெட் வாங்கும்போது எனக்குப் பெரிய சைஸாகப் பார். போன தடவை கொடுத்தது கழுத்தை இறுக்கியது.