புதுப்பிப்பு: ஸ்க்ரம் மாஸ்டர், புராஜெக்ட் மேனேஜர் இரண்டும் ஒரே ஆளா?

முந்தைய பதிவின் சாரம்: பட்ஜெட், தேதி, வேலையின் எல்லை மூன்றுக்கும் புராஜெக்ட் மேனேஜர் பொறுப்பு, டீம் வேலை செய்யும் முறைக்கு ஸ்க்ரம் மாஸ்டர் பொறுப்பு. (ஸ்க்ரம் என்பது வேலையை ஒரு மாதத்துக்கு மிகாத ‘ஸ்பிரிண்ட்’ என்ற சிறு கட்டங்களாகப் பிரித்துச் செய்யும் முறை.) மதுரை ஐ.டி. பூங்காக்கள் இருக்கும் இலந்தைக்குளம், வடபழஞ்சி பக்கம் எட்டுப் பேர் கம்பெனிக்கு ரெண்டு சம்பளம் கட்டுப்படியாகுமா என்று கேட்டிருந்தீர்கள்.

ஆகாதுதான். ஒருவரே பார்க்கலாம், 2020 ஸ்க்ரம் கையேட்டில் அதற்குத் தடை இல்லை. புராஜெக்ட் மேனேஜர் என்ற பதவியையே அது பேசுவதில்லை.

கெடுவது டெய்லி ஸ்க்ரம் என்ற தினசரிக் கூட்டத்தில். அந்த 15 நிமிடம் டெவலப்பர்கள் தங்களுக்குள் அன்றைய வேலையைத் திட்டமிட. அப்ரைசல் போடுகிற மேனேஜரே ஸ்க்ரம் மாஸ்டராகவும் நடுவில் நின்றால் ஆளாளுக்கு "முடிஞ்சிரும் சார்" என்று ஒப்பிப்பார்கள். கிளையன்ட் தரவேண்டிய லாகின் இன்னும் வரவில்லை என்பது ஸ்பிரிண்ட் முடிவில் வேலையைக் காட்டும் ரிவியூ அன்றைக்குத்தான் வெளியே வரும். அதனால் அவர் அந்தக் கூட்டத்துக்கு வராமலே இருக்கட்டும். தடைகளுக்கு, டீமின் வேலைகளை எழுதி வைக்கும் போர்டில் தனி வரிசை வைத்து, என்ன தடை, என்றிலிருந்து, யார் பதில் தரவேண்டும் என்று எழுதுங்கள். மதியத்துக்குள் அவர் அதைப் பார்த்தால் போதும்.

ரெட்ரோவை (வேலை செய்த விதத்தில் எதைத் திருத்தலாம் என்று ஸ்பிரிண்ட் முடிவில் டீம் பேசும் கூட்டம்) வேறு டீம் ஆள் நடத்தட்டும். ஒரு மாத ஸ்பிரிண்டுக்கே 3 மணி நேரம்தான் உச்சவரம்பு. இரண்டு வாரத்துக்கு ஒன்றரை மணி தாராளம்.

பேக்லாக் (செய்யவேண்டிய வேலைகளின் பட்டியல்) வரிசையில் மட்டும் அவர் கை வைக்கக் கூடாது, அது எதை முதலில் செய்வது என்று தீர்மானிக்கும் புராடக்ட் ஓனர் முடிவு. ஃபிக்ஸட் பிரைஸ் (முன்பே பேசி முடித்த தொகை) கான்ட்ராக்ட் என்றால் பில்லிங் கட்டங்கள், ரிஸ்க் பதிவேடு, மாற்றக் கோரிக்கைக்குக் கையெழுத்து எல்லாம் பழையபடி மேனேஜர் வேலைதான். ஸ்க்ரம் வந்ததால் அவை காணாமல் போகாது.