பிரான்சிலிருந்து வந்த டிவிடி ஓடவில்லை
புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். பாரிஸ் சித்தி என் மகளுக்கு 2008-இல் வந்த 'தி ஸ்பைடர்விக் கிரானிக்கிள்ஸ்' டிவிடியைக் கொடுத்தனுப்பினார். பழைய வீட்டுக்குக் குடிவரும் மூன்று பிள்ளைகள், ஒளிந்து வாழும் மாய உயிர்களைக் கண்டுபிடிக்கும் படம். அவர்களில் இரட்டையர் இருவராகவும் நடித்தது நடிகர் ஃப்ரெடி ஹைமோர்தான்! பத்து நாளாக அவள் தினமும் கேட்கிறாள், மனசு கேட்கவில்லை.

2011-இல் வாங்கிய எங்கள் பிளேயரில் போட்டால் 'ரீஜன் தவறு' என்று மட்டும் வருகிறது. (ரீஜன் என்பது டிவிடி உலகின் எந்தப் பகுதி பிளேயர்களில் ஓடும் என்பதைக் குறிக்கும் எண்.) உள்ளூர் டிவிடிகள் நன்றாக ஓடுகின்றன. துடைத்துப் போட்டேன், பக்கத்து வீட்டு பிளேயரிலும் பார்த்தேன், அதே செய்திதான். அட்டையில் ரீஜன் 2, இந்தியாவுக்கு 5. கணினி டிரைவில் ரீஜனை மொத்தம் 5 முறைதான் மாற்றலாம் என்பதால் அதில் கை வைக்கவில்லை.

புதுச்சேரியிலோ கடலூரிலோ எல்லா ரீஜனும் ஓடும் பிளேயரை ஒரு நாள் இரவல் தர யாராவது இருக்கிறீர்களா?