மறு: கிராவல் சைக்கிள், பைக்பேக்கிங்: வெள்ளிக்குள் தமிழ் வேண்டும்

காரைக்குடி, திங்கள் இரவு

மடற்குழுவினர்க்கு வணக்கம்.

எங்கள் பள்ளிச் சைக்கிள் குழுப் பிள்ளைகளுக்காகப் பதினாறு பக்கத்தில் ஒரு கையேடு போடுகிறோம். இரண்டு நாள் பயணம். முதல் நாள் பள்ளத்தூர், கானாடுகாத்தான், கோனாப்பட்டு வழியாகத் திருமயம். மறுநாள் ராங்கியம், ஆத்தங்குடி, குன்றக்குடி என்று சுற்றித் திரும்புவது. தார் ரோட்டை முடிந்த மட்டும் விட்டுவிட்டு, கண்மாய்க் கரையிலும் செம்மண் தடத்திலும்தான் ஓட்டம். அச்சகத்தில் வெள்ளி மாலைக்குள் கேட்கிறார்கள்.

இரண்டு சொல்லில் மாட்டிக்கொண்டேன். ஒன்று, கிராவல் சைக்கிள். பந்தயச் சைக்கிளைப் போல வளைந்த கைப்பிடி, ஆனால் டயர் மட்டும் 35 முதல் 50 மி.மீ. வரை அகலம். தாரிலும் ஓடும், மண்ணிலும் ஓடும். இன்னொன்று, பைக்பேக்கிங். கேரியரில் இரண்டு பக்கமும் பை தொங்கவிடாமல், கைப்பிடியில் ஒரு சுருட்டு, சட்டத்தின் முக்கோணத்துக்குள் ஒரு பை, சீட்டுக்கு அடியில் ஒன்று என வண்டியோடு ஒட்டக் கட்டிக்கொண்டு போய், எங்காவது ராத்தங்கி வருவது.

போன வாரம் வழி பார்க்க ஆத்தங்குடிப் பக்கம் போயிருந்தேன். டிப்பரை ஓரங்கட்டி டீ குடித்துக்கொண்டிருந்த ஓட்டுநரிடம், "இந்தப் பக்கம் கிராவல் சைக்கிள் போற மாதிரி தடம் இருக்கா அண்ணே?" என்றேன். அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "கிராவலா? எத்தனை யூனிட் வேணும்?"

அதனால் 'கிராவல்' வேண்டாம். 'பைக்'கும் வேண்டாம், நம் ஊரில் பைக் என்றால் பெட்ரோல் போடுவது. என்ன செய்யலாம்?

தேவகோட்டை, செவ்வாய் காலை

டீச்சர், தமிழ்த்தாய்க்குக் கோயில் இருக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு கிராவல் என்று தட்டச்சு செய்யக் கை எப்படி வந்தது? சொல் நம் வீட்டுப் பெட்டகத்திலேயே கிடக்கிறது: முரம்பு. பருக்கைக்கல் நிறைந்த மேட்டு நிலம் என்று பொருள். அகநானூற்றின் ஐந்தாம் பாட்டை எடுத்துப் பாருங்கள். "குடுமிக் கூர்ங்கல் விரல்நுதி சிதைக்கும்" வழி. அடுத்து "பரல்முரம்பு ஆகிய பயமில் கானம்". கால்விரல் நுனியைச் சிதைக்கும் கல், அந்தக் கல் பரவிய தடம், தண்ணீர் இல்லாத காடு. உங்கள் கையேட்டின் இரண்டாம் பக்கமே இதுதானே?

ஆகவே முரம்பூர்தி. அல்லது முரம்பு மிதிவண்டி. வேரைச் சொல்கிறேன். முரடு, முருடு, முரண், முரம்பு எல்லாம் ஒரே குடும்பம். இணங்காமல் எதிர்த்து நிற்பது என்பதே அடிக்கருத்து. முரசின் தோலும் முரடுதான். இன்னும் உள்ளே போனால் முறுக்கும் இங்கேதான் வந்து சேரும் என்பது என் எண்ணம். இரவு விரிவாக எழுதுகிறேன்.

பள்ளத்தூர், செவ்வாய் பகல்

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பாட்டில் தலைவன் கிளம்பவே இல்லையே! பொருள்வயிற் பிரிய நினைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் செலவழுங்கிவிட்டான். பயணக் கையேட்டுக்கு அங்கிருந்தா சொல் எடுப்பது?

முறுக்குக்கு வல்லின று என்பதையும் பணிவோடு நினைவுபடுத்துகிறேன்.

புதுவயல், செவ்வாய் பகல்

நான் முப்பது வருஷம் ரோடு போட்டவன். சொல்லை நூலகத்தில் தேட வேண்டாம், ரோட்டில் தேடுங்கள். தார் போடாமல் உடைகல் பரப்பி, உருளை ஓட்டி, தண்ணீர் விட்டு இறுக்கிய ரோட்டுக்கு எங்கள் ஆட்கள் சொல்வது கப்பி ரோடு. கப்பி ரோட்டில் விழுந்து முழங்காலில் தழும்பு இல்லாத ஆள் இந்தக் குழுவில் யாராவது உண்டா? எனவே கப்பிச் சைக்கிள். தெரியாதவர் யாருமில்லை, விளக்கமும் தேவையில்லை.

கிராவல் என்பது எங்கள் தொழிலில் சரளை கலந்த செம்மண். டிப்பர்காரர் கேட்டது சரிதான். அந்தச் சொல் ஏற்கெனவே தமிழாகி, லாரியில் ஏறி, ரசீதிலும் வந்துவிட்டது. அதை மறுபடி தமிழாக்க நாம் யார்?

கண்டனூர், செவ்வாய் மாலை

புதுவயல் தம்பி சொன்ன வாக்கியத்திலேயே சொல் இருக்கிறதே, யாரும் கவனிக்கவில்லையா? சரளை. கப்பி என்றால் மனிதன் உடைத்துக் கொட்டியது. சரளை தானாகக் கிடப்பது. நம் கண்மாய்க் கரையில் கிடப்பது சரளை. சரளைச் சைக்கிள் என்றால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

பைக்பேக்கிங்குக்குப் பொதி என்ற சொல்லை வைத்துப் பார்க்கலாம். பொதிமாடு, பொதிசோறு எல்லாம் பழகியவை. பொதிப்பயணம்?

தேவகோட்டை, செவ்வாய் இரவு

> சரளைச் சைக்கிள் என்றால்

ஆச்சி, சரளம் வடமொழி. தங்குதடையில்லாதது என்று பொருள். சரளமாகப் பேசுகிறான் என்கிறோம். தடுக்கி விழ வைக்கும் கல்லுக்குத் தடையில்லாதது என்று பெயரா?

கண்டனூர், செவ்வாய் இரவு

ஐயா, சரளம் வேறு, சரளை வேறு. மலையாளத்தில் இன்றும் சரல் என்றால் பருக்கைக்கல்தான். அவர்கள் அதை வடமொழியிலிருந்தா வாங்கினார்கள்? உங்கள் பாட்டில் வரும் பரலையே கன்னடக்காரர் ஹரளு என்கிறார். கல்லுக்குப் பக்கத்து வீட்டிலெல்லாம் உறவு இருக்கிறது. ஒரு ளகரத்தை வைத்துக்கொண்டு சரளையை நாடு கடத்தாதீர்கள்.

பருக்கை என்றும் யோசித்தேன். ஆனால் 'பருக்கை வண்டி' என்றால் மெஸ்ஸிலிருந்து சாப்பாடு வருகிறது என்று நினைப்பார்கள்.

கோலாலம்பூர், புதன் அதிகாலை

பரல் என்றதும் எனக்குச் சிலம்பு நினைவுக்கு வருகிறது. உள்ளே இருந்ததைப் பாண்டியனும் கண்ணகியும் பரல் என்று சொல்லவில்லை, அரி என்றார்கள். "யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே." அப்படியானால் பரலுக்கும் அரிக்கும் என்ன வேறுபாடு? ஒலிப்பது அரியா? ஓட்டும்போது டயருக்கு அடியில் கல் நெரிபடும் சத்தம் வருமே, அதை வைத்து அரிவண்டி என்று ஒன்று

(பேரன் எழுந்துவிட்டான், பிறகு எழுதுகிறேன்.)

பள்ளத்தூர், புதன் காலை

வண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கப்பியா சரளையா என்று கல்லின் வடிவத்தை வைத்து முடிவு செய்ய முடியாது, அண்ணே. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து எம்போரியாவில் 2006-லிருந்து நடக்கும் 200 மைல் போட்டிதான் இந்த ஆட்டத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. அங்கே உள்ளது டயரின் பக்கச்சுவரைக் கிழிக்கும் கூரான சக்கிமுக்கிக் கல். அதையும் அவர்கள் கிராவல் என்றுதான் சொல்கிறார்கள்.

நமக்குக் கல் இரண்டாம் பட்சம்; முதல் எதிரி சீமைக்கருவேல முள். முதல் தடவை கோனாப்பட்டுக்கு அந்தப் பக்கம் கண்மாய்க் கரையில் ட்யூபோடு போனேன். கலுங்கு வருவதற்குள் மூன்று பஞ்சர். மூன்றாவதுக்கு ஒட்டு இல்லை, தள்ளிக்கொண்டு வந்தேன். அப்புறம் ட்யூபை எடுத்துவிட்டு டயருக்குள் பால் ஊற்றிக்கொண்டேன், ஓட்டையைத் தானே அடைக்கும் வெள்ளைத் திரவம். அடுத்த தடவை வீட்டுக்கு வந்து பார்த்தால் டயரில் ஏழு முள். ஒவ்வொன்றைப் பிடுங்கும்போதும் வெள்ளையாக ஒரு சொட்டு எட்டிப் பார்த்து அங்கேயே உறைந்து நின்றது. காற்று கொஞ்சம் இறங்கியதே தவிர, வண்டி நிற்கவில்லை. நம் வெயிலுக்கு அந்தப் பால் சீக்கிரம் காய்ந்துவிடும். மாதா மாதம் திறந்து பார்க்க வேண்டும். பிள்ளைகளின் சைக்கிளுக்கு இதெல்லாம் ஒத்துவராது. ஆளுக்கு இரண்டு ட்யூப், ஒட்டும் பொட்டலம், ஒரு பம்ப் என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள், டீச்சர்.

இன்னொன்று. எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் எங்க ஐயா ஓட்டிய சைக்கிள் சுவரில் சாய்ந்து நிற்கிறது. நேற்று அதன் டயரைத் துடைத்துப் படித்தேன்: 28 x 1½. ஒன்றரை அங்குலம் என்றால் 38 மி.மீ. என் புது வண்டியின் டயர் 40. அவர் சக்கரத்தின் விளிம்பு விட்டம் 635 மி.மீ., என்னுடையது 622. பதின்மூன்று மி.மீ.தான் வித்தியாசம். அவர் இதிலேதான் நெல் மூட்டையைக் கட்டிக்கொண்டு செம்மண்ணில் போய் வந்தார். அதற்குப் பெயர் சைக்கிள். வேறு பெயர் அதற்குத் தேவைப்படவே இல்லை.

புதுவயல், புதன் பகல்

அப்போ சைக்கிள் என்றே போட்டுவிடலாமே? தார் ரோட்டில் மட்டும் ஓடுகிற, சுண்டுவிரல் தடிமன் டயர் வண்டிக்குத்தான் தனிப்பெயர் வேண்டும்.

காரைக்குடி, புதன் பகல்

அண்ணே, அச்சகம்.

கோலாலம்பூர், புதன் இரவு

> டயருக்குள் பால் ஊற்றிக்கொண்டேன்

தம்பி, இதுதான் சொல்! அந்த அடைப்புத் திரவத்தில் பெரும்பாலும் உள்ளது ரப்பர் பால்தான். மூடியைத் திறந்தால் அம்மோனியா நாறும். எங்க ஐயா இங்கே தோட்டத்தில் கணக்கெழுதியவர். ரப்பர் மரத்துக்கு இங்கே பால்மரம் என்றே பெயர். விடியற்காலையில் மரத்தைச் சீவிவிட்டு, மங்குக் கிண்ணத்தில் வடிந்த பாலைச் சேர்ப்பார்கள். உறையாமல் இருக்க அன்றைக்கும் அம்மோனியாதான். மரத்தின் காயத்தை மூடும் பால் டயரின் காயத்தையும் மூடுகிறது. டயர்ப்பால் என்று போடுங்கள். இதற்கு வாக்கெடுப்பே வேண்டாம்.

பொதிப்பயணம் எனக்குப் பிடிக்கவில்லை. பொதி சுமப்பது கழுதை. வியாபாரத்துக்குப் பயணப்படுவதற்கு நம் பக்கத்துச் சொல் கொண்டுவிக்கப் போவதுதான். ஆனால் பிள்ளைகள் எதையும் விற்கப் போவதில்லை என்பதால் அதை வற்புறுத்தவில்லை. கட்டுச்சோறு மாதிரி கட்டுப்பயணம்?

கண்டனூர், வியாழன் காலை

கட்டுப்பயணம் என்றால் கட்டாயப்படுத்திக் கூட்டிப் போவது போல இருக்கிறது. பெற்றோர் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடந்திருக்கிறேன். முதல் வருஷம் தோள்பையில் இரண்டு புடவை அதிகம் வைத்துக்கொண்டேன். நத்தம் வருவதற்குள் ஒவ்வொரு புடவையும் ஒரு மூட்டை நெல்லாகிவிட்டது. பொதி என்ற சொல் அதைத்தான் சொல்கிறது, ஐயா. எதை விட்டுவிட்டுப் போவது என்று யோசிக்க வைக்கிறது. கழுதை சுமந்தால் என்ன, கழுதைக்கும் தமிழ்தான்.

காரைக்குடி, வியாழன் இரவு

எண்ணிப் பார்த்துவிட்டேன். சரளைக்கு ஏழு பேர். கப்பிக்கு மூன்று பேர். முரம்புக்கு ஒருவர், ஆனால் அந்த ஒருவர் பதினொரு மடல். பொதிப்பயணத்தை ஆச்சி தவிர யாரும் மெச்சவில்லை, அதைவிட நல்ல மாற்றும் வரவில்லை. டயர்ப்பால் எதிர்ப்பின்றி நிறைவேறியது.

சரளைச் சைக்கிள், பொதிப்பயணம் என்று அனுப்புகிறேன். தேவகோட்டை ஐயாவுக்காக ஒன்று செய்திருக்கிறேன். ஏழாம் பக்கத்தில், கோனாப்பட்டு தாண்டி வரும் கல் மேட்டுக்கு, "இங்கிருந்து முரம்பு, இறங்கித் தள்ளவும்" என்று இருக்கிறது.

புதுவயல், வெள்ளி காலை

சரளைச் சைக்கிளா, சரளை சைக்கிளா? சைக்கிள் அயற்சொல். அதற்கு முன்னால் ஒற்று எதற்கு?

கண்டனூர், வெள்ளி காலை

சரளையில் ஓடும் சைக்கிள். ஏழாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. மிகும். அயற்சொல்லானாலும் சகரத்தில்தானே தொடங்குகிறது.

பள்ளத்தூர், வெள்ளி பகல்

பன்னிரண்டாம் பக்கத்தில் பம்பைக் 'காற்றடிப்பான்' ஆக்கியது யார்? பஞ்சர் ஆனவன் காற்றடிப்பானையா தேடுவான், பம்பைத்தானே கேட்பான். தயவுசெய்து பம்ப் என்றே விடுங்கள்.

காரைக்குடி, வெள்ளி மாலை

போய்விட்டது. பம்ப், பம்பாகவே போனது. ஒற்றோடு போட்டது அச்சகத்தில் ஒற்றில்லாமல் வந்திருக்கிறது, அதைக் கிளற வேண்டாம்.

தேவகோட்டை, வெள்ளி இரவு

ஏழாம் பக்கம் கண்டேன், நன்றி. ஆனால் அங்கே முரம்பு இடத்தின் பெயராகத்தான் வந்திருக்கிறது, வண்டியின் பெயராக அல்ல. என் மறுப்பு அப்படியே நிற்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளவும். முறுக்கு பற்றிய மடல் தனியே வரும்.