மோன்மார்த்ரில் இரவு நேரம்: பாரிஸில் இருப்பவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். ஜூலையில் அம்மாவும் நானும் பாரிஸ் போகிறோம். அறை பிகால் மெட்ரோ பக்கத்தில். மோன்மார்த்ர் குன்றின் மேல் உள்ள சாக்ரே கேர் தேவாலயப் படியில் உட்கார்ந்து ஊரே விளக்கில் மின்னுவதைப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. கோடையில் அங்கே இருட்டவே பத்து மணி ஆகிவிடும், அதுதான் கவலை.

படிக்கட்டின் அடியில் சிலர் சிரித்துக்கொண்டே விரலில் கலர் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டுக் காசு கேட்பார்களாம். என் தோழி இருபது யூரோ கொடுத்துத்தான் கையை விடுவித்தாள். அம்மாவோ யார் சிரித்தாலும் கை நீட்டிவிடுவார்.

இறங்கும்போது ஃபுனிகுலர் (குன்றில் ஏறி இறங்கும் கேபிள் ரயில்) பிடித்து ஆன்வேர் மெட்ரோவுக்குப் போவது நல்லதா? பக்கத்தில் உள்ள இன்னொரு மெட்ரோவான அபெஸ் நிலையம் 36 மீட்டர் ஆழம். லிஃப்ட் நின்றுவிட்டால் அம்மாவின் முழங்கால் அந்தச் சுழல்படியைத் தாங்காது. பிகாலை ஒட்டிய கிளிஷி பெருஞ்சாலையில் இரவு பதினொரு மணிக்கு இரண்டு பெண்கள் நடக்கலாமா, டாக்ஸிதானா?

அப்புறம், தமிழ்க் கடைகள் நிறைந்த லாசப்பலில் சாப்பிட்டுவிட்டு மெட்ரோ 2ஆம் லைனில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் பிகால். நடுவில் வரும் பார்பெஸில் கதவோரம் நின்று போனைப் பறிக்கிறார்கள் என்கிறார்கள். இரவில் அந்த லைனில் போய்வரும் அக்காமார், அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள். அவசர உதவிக்கான 112 எண்ணை இருவர் போனிலும் பதிந்துவிட்டேன்.