மணலி: சராசரி 20-தான் காட்டுது, ஆனா ராத்திரியில் தொண்டை எரியுதே?

வடசென்னைவாசி:
மணலி காற்றுக் கண்காணிப்பு நிலையத்தில் கந்தக டை ஆக்சைடு தினசரி சராசரி ஒரு கன மீட்டர் காற்றில் 20 மைக்ரோகிராம்தான், வரம்பு 80. ஆனால் விடியற்காலை நெடியில் பிள்ளைகள் விடாமல் இருமுகிறார்கள். கருவியில் கோளாறா? புகாரில் எதைக் காட்டுவது?

காற்றளவை:
முதலில் நெடி எப்படிப்பட்டது என்று பாருங்க. தீக்குச்சி கிழித்த நெடி என்றால் கந்தக டை ஆக்சைடு. அழுகின முட்டை நாற்றம் என்றால் ஹைட்ரஜன் சல்பைடு. அது 2009 தேசியத் தரத்தின் 12 மாசுகளில் இல்லவே இல்லை, இந்த எண்ணில் தெரியவும் தெரியாது.

முதல் வகை என்றால், கருவி சரியாக இருந்தும் சராசரி மறைத்துவிடும். ஒரு மணி நேரம் 300, மீதி 23 மணி நேரம் 8 என்று வையுங்க: (300 + 184) ÷ 24 = 20. நம் தரத்தில் 24 மணி நேரத்துக்கு 80, ஆண்டுக்கு 50 என்று இரண்டே வரம்பு. ஒரு மணி நேர வரம்பு கிடையாது. பெரிய குறையே இதுதான். அமெரிக்காவில் 2010 முதல் ஒரு மணி நேர வரம்பு 75 பிபிபி (நூறு கோடியில் 75 பங்கு), அதாவது சுமார் 196 மைக்ரோகிராம்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தளத்தில் 15 நிமிடத் தரவை இறக்குங்க, காற்றின் திசை, வேகத்தோடு சேர்த்து. திசை 45 டிகிரி என்றால் வடகிழக்கிலிருந்து வீசுகிறது என்று பொருள். பலர் தலைகீழாக எடுத்துக்கொண்டு வேறு புகைபோக்கியைக் குற்றம் சொல்லிவிடுவார்கள், புகார் அங்கேயே விழுந்துவிடும்.

பாய்லர்பிரிவு:
புகைபோக்கி உயரத்தையும் சரிபாருங்க. உயரம் = 14 × (மணிக்கு வெளியேறும் கந்தக டை ஆக்சைடு, கிலோவில்)-இன் 0.3 அடுக்கு, குறைந்தது 30 மீட்டர். 4% கந்தகமுள்ள ஃபர்னஸ் ஆயில் (கொதிகலனில் எரிக்கும் கனமான எண்ணெய்) மணிக்கு 200 கிலோ எரிந்தால் கந்தகம் 8 கிலோ, வாயு அதன் இருமடங்காக 16 கிலோ. உயரம் 32 மீட்டருக்கு மேல் வேண்டும். அனுமதி வாங்கும்போது 2% எண்ணெய் என்று காட்டி 30 மீட்டரில் நிறுத்திவிட்டு, பிறகு மலிவான எண்ணெய்க்கு மாறினால் கணக்கு உதைக்கும். உயரம் கூடினால் வாயு பரவும், குறையாது என்பதும் நினைவிருக்கட்டும்.

சட்டவழி:
1981 காற்றுச் சட்டம் 21-ஆம் பிரிவின் இசைவாணையில் (ஆலை இயங்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் அனுமதி) எரிபொருள், புகைபோக்கி உயரம், உமிழ்வு வரம்பு எல்லாம் இருக்கும். 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, அந்த ஆணையையும் நெடி வந்த தேதிகளின் புகைபோக்கி இணையக் கண்காணிப்புத் தரவையும் கேளுங்க. "மாசு அதிகமா?" என்று கேட்காதீங்க, ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்க; பதிலுக்கு 30 நாள். அதன் பிறகும் அசையாவிட்டால் 43-ஆம் பிரிவில் 60 நாள் நோட்டீஸ் கொடுத்து நீங்களே நீதிமன்றத்தில் புகார் தரலாம்.